கரண்ட் போய் வந்தால் மாட்யூல் நெட்வொர்க்கில் சேர மறுக்கிறது: வயல் நீர்மட்டக் கருவி, இஎஸ்பி 8266

#1 வெண்ணாற்றங்கரை

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா நான்கு ஏக்கரில் சம்பா போட்டிருக்கிறார். இந்த வருடம் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டலாம் என்று முடிவு செய்தோம். ஓட்டை போட்ட பிவிசி குழாயை வயலில் புதைத்து வைத்து, அதற்குள் தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி. தினமும் இரண்டு வேளை வரப்பில் நடந்து போய்க் குழாயைக் குனிந்து பார்ப்பது அவரால் முடியவில்லை. அதனால்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

இரண்டு நோட்எம்சியு போர்டு, அதாவது இஎஸ்பி 8266 என்ற வைஃபை மாட்யூல் உள்ள சின்னப் பலகை. ஒன்று மோட்டார் கொட்டகையில், 5 வோல்ட் அடாப்டரில் ஓடுகிறது. த்ரீ ஃபேஸ் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா என்று சொல்வது மட்டும்தான் அதன் வேலை. இன்னொன்று வயலில், குழாய் பக்கத்தில் ஒரு கம்பில். ஒரு 18650 பாட்டரி, சின்ன சோலார் தகடு. 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஆழ்தூக்கத்திலிருந்து எழுந்து, அளந்து, எம்க்யூடிடி (சின்னத் தகவல்களை ஒரு சர்வருக்கு அனுப்பும் முறை) வழியாக அனுப்பிவிட்டுத் தூங்கும். ரவுட்டர் வீட்டு மாடியில். கொட்டகை 60 மீட்டர், வயல் கம்பு 180 மீட்டர். வைஃபை விவரத்தைப் போனிலிருந்தே கொடுக்க உதவும் வைஃபை மேனேஜர் லைப்ரரியை இரண்டிலும் போட்டு, நெட்வொர்க் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தேன்.

நாற்பது நாள் பிரச்சினை இல்லை. புரட்டாசி மழை இடியோடு ஆரம்பித்ததிலிருந்து தொல்லை. கரண்ட் போய் வந்தால் கொட்டகை மாட்யூல் திரும்ப நெட்வொர்க்குக்கு வருவதில்லை. போய் ரீசெட் பட்டனை அழுத்தினால் உடனே வருகிறது. வயல் மாட்யூலில் வேறு தொல்லை, பாட்டரி இரண்டு நாளில் காலியாகிறது. மூட்டமாக இருப்பதால் சோலார் ஏறவில்லை என்று நினைக்கிறேன். நிலையான ஐபி முகவரி (நெட்வொர்க்கில் மாட்யூலுக்கு மாறாத ஒரு எண்) கொடுத்தால் கொட்டகைப் பிரச்சினை தீரும் என்று ஒருவர் சொன்னார். கொடுக்கலாமா?

#2 ஆடுதுறை 45

தம்பி, முதலில் அடாப்டரைப் பாருங்கள். இந்த மாட்யூல் சிக்னல் அனுப்பும் நொடியில் 300 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். மட்டமான சார்ஜர் என்றால் அந்த நேரம் 3.3 வோல்ட் சரிந்துவிடும். 3.3 வோல்ட் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று பற்றவையுங்கள். கரண்ட் வரும்போது எங்கள் பக்கம் வோல்டேஜ் ஏறி இறங்கித்தான் நிற்கும்.

#3 கோடியக்கரைக் காற்று

நிலையான ஐபி கொடுக்கும் முன் என் கதையைக் கேளுங்கள். வேதாரண்யம் பக்கம் இறால் குட்டைகள். ஆறு மாட்யூல், ஆறிலும் 192.168.1 என்று தொடங்கும் முகவரியைக் கோடிலேயே (மாட்யூலில் ஓடும் நிரலிலேயே) எழுதிவிட்டேன். ஒரு வருடம் நன்றாக ஓடியது. அப்புறம் இணைய இணைப்பு கொடுப்பவர்கள் வந்து பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தார்கள். பெயரும் கடவுச்சொல்லும் பழையதையே போடச் சொன்னேன், போட்டார்கள். ஆனால் புதுப் பெட்டியின் முகவரி வரிசை 192.168.29. ஆறு மாட்யூலும் வைஃபையில் சேர்ந்தன, ஒன்றும் பேசவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு குட்டைக்கரையில் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மறுபடி எழுதினேன். அந்த இரண்டு நாளும் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் நின்றால் எனக்குத் தகவல் வராது என்ற பயத்தில் தூங்கவில்லை.

முகவரியை ரவுட்டரே கொடுக்கட்டும். மாறக் கூடாது என்றால் ரவுட்டரில் மாட்யூலின் மேக் முகவரியை (கருவியின் தனி அடையாள எண்) பதிந்து, இந்த மாட்யூலுக்கு எப்போதும் இந்த முகவரிதான் என்று ஒதுக்கி வையுங்கள்.

#4 மதகடி

வெண்ணாற்றங்கரைத் தம்பிக்கு மூன்று கேள்வி. கொட்டகை மாட்யூல் திரும்ப வராத நேரத்தில் போனில் வைஃபை பட்டியலைத் திறந்து பார்த்தீர்களா? அதில் மாட்யூலின் சொந்தப் பெயர் தெரிந்ததா? கரண்ட் வந்த பிறகு ரவுட்டர் முழுதாக எழுந்திருக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது? இதற்குப் பதில் வரட்டும், கெப்பாசிட்டரைப் பிறகு பார்க்கலாம்.

#5 வெண்ணாற்றங்கரை

அண்ணே, தெரிந்தது! ஷெட்-1 என்று நான் வைத்த பெயர் பட்டியலில் வந்தது. மாட்யூல் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளம் என்று நினைத்துக்கொண்டேன். ரவுட்டரைக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன், 1 நிமிடம் 40 நொடி.

#6 மதகடி

அப்படியானால் விஷயம் அதுதான்.

கரண்ட் வந்ததும் மாட்யூல் ஒரு நொடியில் எழுந்துவிடும். வீட்டு நெட்வொர்க்கைத் தேடும். ரவுட்டர் இன்னும் எழவில்லை, அதனால் கிடைக்காது. வைஃபை மேனேஜர் இந்த இடத்தில் என்ன நினைக்கிறது என்றால், 'எனக்குக் கொடுத்த பெயரோ கடவுச்சொல்லோ தவறு, யாராவது வந்து திருத்தட்டும்.' உடனே தானே ஒரு நெட்வொர்க்காக மாறி, 192.168.4.1 என்ற முகவரியில் அமைப்புப் பக்கத்தைத் திறந்துவைத்துக் காத்திருக்கும். நேரவரம்பு கொடுக்காவிட்டால் அந்தக் காத்திருப்புக்கு முடிவே கிடையாது. ஒன்றரை நிமிடம் கழித்து ரவுட்டர் வந்து நின்றாலும் இது திரும்பிப் பார்க்காது. நீங்கள் போய் ரீசெட் அழுத்தும்போது ரவுட்டர் ஏற்கெனவே எழுந்திருக்கிறது, அதனால் உடனே சேர்கிறது.

மாட்யூல் ஓடிக்கொண்டிருக்கும்போது ரவுட்டர் மட்டும் போய் வந்தால் இந்தத் தொல்லை வராது, அது தானே மறுபடி சேர்ந்துகொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் அணைந்து ஒரே நேரத்தில் எழும்போதுதான் இந்த ஓட்டப்பந்தயம்.

செய்ய வேண்டியது ஒரே வரி. நெட்வொர்க்கில் சேரச் சொல்லும் ஆட்டோகனெக்ட் அழைப்புக்கு முன்னால் செட் கான்ஃபிக் போர்ட்டல் டைம்அவுட் என்பதைப் போட்டு 180 கொடுங்கள், அது நொடிக் கணக்கு. மூன்று நிமிடத்தில் யாரும் வராவிட்டால் ஆட்டோகனெக்ட் 'இல்லை' என்று திரும்பும். அப்போது மாட்யூலை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதற்குள் ரவுட்டர் வந்திருக்கும். வராவிட்டாலும் அடுத்த சுற்றில் சேரும்.

இன்னொன்று. வயலில் பாட்டரி காலியாவது மூட்டத்தால் என்று எழுதியிருந்தீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆழ்தூக்கத்திலிருந்து எழுவது என்றால் மாட்யூலுக்கு அது புதிதாக ஆன் ஆவதுதான், கோட் முதல் வரியிலிருந்து ஓடும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை எழுகிறது, ஒவ்வொரு முறையும் ஆட்டோகனெக்ட். வீட்டில் கரண்ட் இல்லாத அரை மணி நேரத்தில் அது இரண்டு முறையாவது எழுந்திருக்கும். முதல் முறையிலேயே ரவுட்டர் கிடைக்காமல் அமைப்புப் பக்கத்தைத் திறந்துகொண்டு, தூங்காமல் விடிய விடிய உட்கார்ந்திருக்கும். இரண்டு பிரச்சினைக்கும் காரணம் ஒன்றே.

#7 பொன்னி

மதகடி சார் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், பொருந்துகிறது. விழித்திருக்கும் மாட்யூல் ஏறத்தாழ 75 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2500 மில்லிஆம்பியர் மணி பாட்டரி 33 மணி நேரத்தில் முடிந்துவிடும். மழை நாளில் சோலார் கொஞ்சம் தாங்கிக் கொடுத்தால் இரண்டு நாள். தம்பி எழுதியிருப்பதும் இரண்டு நாள்தான்.

ஆகவே வயல் மாட்யூலில் வைஃபை மேனேஜரே வேண்டாம் என்பது என் கருத்து. வரப்புக்கு நடுவில் அமைப்புப் பக்கத்தைத் திறந்துவைத்து யாருக்குப் பயன்? பெயரையும் கடவுச்சொல்லையும் கோடில் எழுதிவிடுங்கள். 10 நொடி முயலட்டும். கிடைக்காவிட்டால் அளவை ஆர்டிசி நினைவகத்தில் வைத்துக்கொண்டு தூங்கட்டும், அடுத்த முறை சேர்த்து அனுப்பலாம். ஆழ்தூக்கத்தில் அழியாமல் 512 பைட் இடம் இருக்கிறது, நீர்மட்ட அளவுக்கு அது தாராளம்.

நிலையான ஐபி பற்றி: கோடியக்கரைக் காற்று சொன்னது கொட்டகை மாட்யூலுக்கு முழுக்கச் சரி. பாட்டரியில் ஓடும் மாட்யூலுக்கு மட்டும் நான் வேறு மாதிரி சொல்வேன். ரவுட்டரிடம் முகவரி கேட்டு வாங்குவதற்கே ஒன்றிரண்டு நொடி போகிறது. முகவரியை முன்பே கொடுத்து, சேனல் எண்ணையும் ரவுட்டரின் மேக் முகவரியையும் சேர்த்துக் கொடுத்தால் தேடுதல் மிச்சம். ஆறு நொடியில் முடிந்த வேலை இரண்டு நொடிக்குள் முடியும். நாளுக்கு 96 முறை எழுகிறது. ஆறு நொடி என்றால் நாளுக்கு 12 மில்லிஆம்பியர் மணி, இரண்டு நொடி என்றால் 4.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் போர்டில் இந்த 8 மிச்சம் கண்ணுக்கே தெரியாது. அதில் வோல்டேஜை 3.3-ஆகக் குறைத்துத் தரும் ஏஎம்எஸ் 1117 ரெகுலேட்டர் சும்மா இருக்கும்போதே 5 மில்லிஆம்பியர் அளவுக்குக் குடிக்கும். ஒரு நாளைக்கு 120 ஆயிற்று. முதலில் போர்டு இல்லாத வெறும் இஎஸ்பி 12 மாட்யூலுக்கும் (அதே 8266தான்), சும்மா இருக்கும்போது மைக்ரோஆம்பியர் கணக்கில் மட்டும் எடுக்கும் ரெகுலேட்டருக்கும் மாறுங்கள். அதற்குப் பிறகுதான் நொடிகளை மிச்சம் பிடிப்பதில் பொருள் இருக்கும்.

#8 வெண்ணாற்றங்கரை

அக்கா, அண்ணே, இரண்டு பேருக்கும் நன்றி. கொட்டகையில் 180 நொடி போட்டேன். மெயினை நானே மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், மூன்று முறையும் தானாகத் திரும்பி வந்தது. இதற்காக ஒரு மாதம் மழையில் ஓடியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். அமைப்புப் பக்கம் திறந்திருந்தபோது போனில் தெரிந்த மேக் முகவரியைக் குறித்துவைத்து ரவுட்டரில் 192.168.1.20 என்று ஒதுக்கினேன். ரவுட்டர் அதைக் கண்டுகொள்ளாமல் 192.168.1.104 கொடுக்கிறது.

#9 கோடியக்கரைக் காற்று

நீங்கள் குறித்தது மாட்யூல் தானே நெட்வொர்க்காக நிற்கும்போது காட்டும் மேக். ரவுட்டரில் வாடிக்கையாளராகச் சேரும்போது அதன் மேக் வேறு. இஎஸ்பி 8266-இல் முதல் பைட் மாறும், மற்றதெல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், அதனால் கண் ஏமாந்துவிடும். ரவுட்டரின் இணைந்த கருவிகள் பட்டியலில் 104-க்கு நேரே உள்ளதை அப்படியே நகலெடுத்துப் போடுங்கள்.

#10 வெண்ணாற்றங்கரை

20 கிடைத்துவிட்டது. நன்றி அண்ணா.

ஆனால் வயல் மாட்யூல் கையை விரிக்கிறது. பொன்னி அக்கா சொன்னபடி பெயரையும் கடவுச்சொல்லையும் கோடில் எழுதினேன். வைஃபை ஸ்டேட்டஸ் 1 என்று வருகிறது, அந்தப் பெயரில் நெட்வொர்க்கே இல்லை என்று பொருள். ரவுட்டருக்கு இரண்டடி தூரத்தில் மேசைமேல் வைத்தும் அதே 1. ஸ்கேன் செய்தால் பட்டியலில் பெயர் வருகிறது! எழுத்துப் பிழையும் இல்லை, பத்து முறை பார்த்துவிட்டேன். நெட்வொர்க் பெயர் தமிழில் 'தோப்பு'. அப்பாவின் போனில் தமிழ் மட்டும்தான், அவருக்குப் படிக்க வசதியாக இருக்கட்டும் என்று வைத்தது. தமிழ்ப் பெயர் கூடாதா?

#11 ஆடுதுறை 45

ஆங்கிலத்தில் மாற்றிவிட்டால் முடிந்தது தம்பி. எதற்கு வம்பு.

#12 பொன்னி

மாற்ற வேண்டாம், தமிழ்ப் பெயர் தாராளமாக வைக்கலாம். காரணத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

நெட்வொர்க் பெயர் என்பது மாட்யூலுக்கு எழுத்து இல்லை, வெறும் பைட் வரிசை. அதிகம் போனால் 32 பைட். எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் யூடிஎஃப் 8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். புள்ளி, கொம்பு, கால் எல்லாமே தனித்தனிக் குறிகள். 'திருவாரூர்' என்று வைத்தால் 10 குறி, 30 பைட், இடம் இருக்கிறது. 'மன்னார்குடி' 11 குறி, 33 பைட். ஒரே ஒரு பைட்டால் மன்னார்குடிக்கு இடம் இல்லாமல் போகிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் வருத்தம்தான்.

இனி உங்கள் 'தோப்பு'. அதில் ஓகார உயிர்மெய் இருக்கிறது. அந்த ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். முழுக் குறியாக ஒன்று, அல்லது இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சில தட்டச்சு முறைகள் முதல் விதம், சில இரண்டாம் விதம். முதல் விதத்தில் 'தோப்பு' 18 பைட், இரண்டாம் விதத்தில் 21. ரவுட்டர் பெயரை எதில் அடித்தீர்கள், கோடை எதில் அடித்தீர்கள்? ஸ்கேனில் வரும் பெயரின் நீளத்தையும் கோடில் உள்ள பெயரின் நீளத்தையும் சீரியல் மானிட்டரில் அச்சிட்டுப் பாருங்கள்.

வைஃபை மேனேஜரில் இது ஏன் தெரியவில்லை என்றால், அங்கே நீங்கள் பெயரை அடிக்கவில்லை, பட்டியலிலிருந்து தொட்டுத் தேர்ந்தெடுத்தீர்கள். ரவுட்டர் சொன்ன பைட்டுகள் அப்படியே சேமிக்கப்பட்டன.

#13 வெண்ணாற்றங்கரை

ஸ்கேனில் 21. கோடில் 18.

அக்கா, இரண்டு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டேன். ரவுட்டர் பெயரைப் பழைய லேப்டாப்பில் வேறொரு தட்டச்சு மென்பொருளில் அடித்திருந்தேன். இப்போது கோடையும் ரவுட்டர் பெயரையும் ஒரே கீபோர்டில் அடித்துவிட்டேன். இரண்டிலும் 18. உடனே சேர்ந்தது.

சேர்ந்தது, ஆனால் இன்னும் தகவல் வரவில்லை. நிலையான முகவரி 192.168.1.21 கொடுத்தேன். வீட்டு லேப்டாப்பிலிருந்து பிங் செய்தால் பதில் சொல்கிறது. எம்க்யூடிடி சர்வரை மட்டும் பிடிக்க மாட்டேன் என்கிறது.

#14 மதகடி

டிஎன்எஸ் கொடுத்தீர்களா? வைஃபை கான்ஃபிக் அழைப்பில் முகவரி, கேட்வே, சப்நெட் என்று மூன்றோடு நிறுத்தியிருப்பீர்கள். ரவுட்டரிடம் முகவரி வாங்கும்போது டிஎன்எஸ் முகவரியும் கூடவே வந்துவிடும். நாமே கொடுக்கும்போது அதையும் நாமே கொடுக்க வேண்டும். நான்காவதாக ரவுட்டர் முகவரியையே 192.168.1.1 என்று போடுங்கள். இல்லாவிட்டால் சர்வரின் பெயரை எண்ணாக மாற்றித் தர அதற்கு ஆள் இல்லை. வைஃபை பிகின் அழைப்புக்கு முன்னால் இது வர வேண்டும்.

அப்புறம் ரவுட்டர் தானாகக் கொடுக்கும் வரிசை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். 100-இலிருந்து என்றால் 21 பத்திரம். அதற்குள் விழுந்தால் என்றைக்காவது ஒரு விருந்தாளியின் போனுக்கு அதே முகவரி போய்விடும்.

#15 வெண்ணாற்றங்கரை

டிஎன்எஸ்தான். நான்காவது எண் போட்டதும் வந்துவிட்டது. வரிசை 100-இல் தொடங்குகிறது. சேனல் எண்ணையும் நினைவகத்தில் வைத்தேன். எழுந்து அனுப்பி முடிக்க 1.8 நொடி.

#16 ஆடுதுறை 45

நல்லது. அடுத்து அந்தக் கொட்டகை மாட்யூலில் ஒரு ரிலே போட்டு மோட்டாரையே போனிலிருந்து போடலாமே?

#17 மதகடி

போடலாம், ஆனால் ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மோட்டாரை நிறுத்தும் பொறுப்பு நெட்வொர்க் கையில் இருக்கக் கூடாது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்துவது, ஒரு ஃபேஸ் போனால் நிறுத்துவது, இவை ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளேயே தனியாக நடக்க வேண்டும். இந்த இழையிலேயே பாருங்கள், ரவுட்டர் எழ 1 நிமிடம் 40 நொடி தாமதம், கண்ணுக்குத் தெரியாத 3 பைட், விட்டுப்போன ஒரு எண். மூன்றும் மாட்யூலை ஊமையாக்கின. அந்த நேரத்தில் நிறுத்து என்ற கட்டளை போய்ச் சேரவில்லை என்றால் காயில் கருகும். தம்பி தகவல் மட்டும் சொல்லும்படி வைத்திருப்பது சரி, அப்படியே இருக்கட்டும்.

#18 வெண்ணாற்றங்கரை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பாட்டரி 4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. ஆனால் வயல் மாட்யூலின் சிக்னல் மெதுவாகக் குறைகிறது. நட்ட புதிதில் மைனஸ் 67 டிபிஎம் (மைனஸுக்குப் பின் உள்ள எண் கூடினால் சிக்னல் பலவீனம்). போன வாரம் மைனஸ் 74. இன்று காலை பனியோடு மைனஸ் 82, இரண்டு முறை சேரவே இல்லை. அமைப்பில் எதையும் தொடவில்லை.

#19 பொன்னி

அமைப்பில் ஒன்றும் மாறவில்லை, பயிர் வளர்ந்துவிட்டது. கம்பு என்ன உயரம்? இடுப்பளவு என்றால் ஆன்டெனா இப்போது தோகைக்குள் மூழ்கிக்கொண்டிருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை ஈரமான பச்சை உறிஞ்சிவிடும், பனி படிந்தால் இன்னும் மோசம்.

பார்வைக்கோடு தெரிந்தால் மட்டும் போதாது. அதைச் சுற்றி ஒரு பருத்த குழாய்போல இடம் காலியாக இருக்க வேண்டும். 180 மீட்டருக்கு அதன் ஆரம் நடுவில் 2.4 மீட்டர். அதில் அறுபது சதவீதமாவது, அதாவது 1.4 மீட்டர், பயிருக்கு மேலே கிடைக்க வேண்டும். முனைகளில் குறைவாக இருந்தால் போதும். உங்கள் மாடி உயரமாக இருப்பதால் வயல் பக்கம் 3 மீட்டருக்கு ஏற்றினால் சரியாகிவிடும். பெட்டியை மேலே வைத்து, சென்சார் வயரை மட்டும் குழாய் வரை இறக்குங்கள்.

#20 கோடியக்கரைக் காற்று

மூங்கில் வையுங்கள். மூன்று பக்கமும் நைலான் கயிறு இழுத்துக் கட்டுங்கள். 2018 கஜா புயலுக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் நான் எதையும் கயிறு இல்லாமல் நிறுத்துவதில்லை. பெட்டியின் வயர் துளை கீழ்ப்பக்கம் இருக்கட்டும், மழைநீர் வயர் வழியாக உள்ளே போகாது.

#21 வெண்ணாற்றங்கரை

நேற்று மூங்கில் நட்டோம். 3 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். மைனஸ் 65, நட்ட புதிதில் இருந்ததைவிட நன்றாக இருக்கிறது. இன்று காலை திண்ணையில் உட்கார்ந்தபடியே அப்பா போனைப் பார்த்து 'பதினொன்று கீழே இருக்கிறது, நாளைக்குப் பாய்ச்சினால் போதும்' என்றார். அப்புறம் என்னை அனுப்பிக் குழாயில் அளவுகோல் விட்டுப் பார்த்துவரச் சொன்னார். பதினொன்றேகால்.

#22 ஆடுதுறை 45

மகிழ்ச்சி தம்பி. அறுவடை எந்திரம் வரும் முன்னால் மூங்கிலையும் குழாயையும் மறக்காமல் பிடுங்கிவிடுங்கள். குழாய் இருக்கும் இடத்தில் இப்போதே ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள். கதிர் சாய்ந்தால் ஓட்டுநருக்கு ஒன்றும் தெரியாது.